அலுவலகம் மாறும்போது உங்கள் கோப்பு தொலையாமல் பார்த்துக்கொள்வது எப்படி

இது தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு, அதுவும் ஏற்காடு மாதிரி மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு. துறையில் நிர்வாக மறுசீரமைப்பு என்று அரசாணை வந்தால், உங்கள் பெயரில் எந்தக் கோப்பு எங்கே நிலுவையில் இருக்கிறது என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். 2018 மே மாதம் மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பணியிடத்தையே எடுத்துவிட்டார்கள், உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் வட்டாரக் கல்வி அலுவலர் ஆனார், முதன்மைக் கல்வி அலுவலருக்கு அதிகாரம் கூடியது. அப்புறம் 2022 அக்டோபரில் தொடக்கக் கல்விக்கென்று தனி மாவட்டக் கல்வி அலுவலர் மறுபடி வந்துவிட்டார்.

உயர்கல்வி அனுமதி கேட்டு நான் கொடுத்திருந்த விண்ணப்பம் 2018 மாற்றத்தில்தான் சிக்கியது. பழைய இடத்தில் எல்லாவற்றையும் கட்டி அனுப்பிவிட்டோம் என்றார்கள், புதிய இடத்தில் அப்படி எதுவும் வரவில்லை என்றார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போய்வர ஒவ்வொரு முறையும் ஒரு தற்செயல் விடுப்பு போகும், ஈராசிரியர் பள்ளி என்பதால் அன்று ஐந்து வகுப்பையும் கூட இருக்கும் டீச்சர் ஒருவரே சமாளிக்க வேண்டும், எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம்கூட நடக்காது. நான்காவது முறை போனபோது, சுவரோரம் கிடந்த கட்டுகளில் ஒன்றின் நாடாவை அவிழ்த்துத் தேடினார்கள். யாரோ ஒருவருடைய மருத்துவ விடுப்புக் கோப்போடு என் விண்ணப்பமும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது.

அதனால் முதலில் ந.க.எண்ணை, அதாவது உங்கள் கோப்புக்கு அலுவலகம் போடும் எண்ணை, கேட்டு வாங்குங்கள், "கொடுத்திருக்கிறேன்" என்று வாயால் சொன்னால் யாராலும் தேட முடியாது. எண்ணின் நடுவே 'அ1', 'ஆ2' என்று வருவது பிரிவு, அலுவலகங்கள் இணையும்போது முதலில் மாறுவது அதுதான். புதிய அலுவலருக்குப் பழைய விண்ணப்பத்தின் நகலை வைத்து ஒரு நினைவூட்டுக் கடிதம் கொடுங்கள், கடிதத்தின் மேலே 'பார்வை' என்று போடும் இடத்தில் பழைய எண்ணையும் தேதியையும் குறிப்பிடுங்கள், தலைமை ஆசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகவே போகட்டும். தபால் பிரிவில் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள்.

பணிப்பதிவேட்டில் மட்டும் சோம்பல் கூடாது. பணிவரன்முறை, தகுதிகாண் பருவம், ஈட்டிய விடுப்புக் கணக்கு என ஒவ்வொரு பதிவையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். அரசு ஊழியர் விவரங்களை வைக்கும் களஞ்சியம் செயலியில் ஏறிவிட்டதே என்று விடாதீர்கள், அதில் இருப்பதையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன், என் கோப்பு இன்று எந்தப் பிரிவில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். வேறு அலுவலகத்துக்கு எழுதிவிட்டாலும் பரவாயில்லை, ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும், 30 நாளில் பதில் வர வேண்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையில் வருபவை. அங்கே இருப்பவர்கள் நான் மேலே சொன்ன அலுவலர்களுக்கு எழுதாமல் தங்கள் துறை வழியாகவே அனுப்புங்கள்.