உறைந்த பைக்காலில் சைக்கிளும் நடையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைபீரியாவின் பைக்கால் ஏரி பெரும்பாலும் ஜனவரியில் உறையும், மே மாதம்தான் உடையும். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முழுக்க வழிகாட்டியோடு சிறு குழுக்கள் அந்தப் பனிக்கட்டி மேல் பயணம் போகின்றன, குறிப்பாக ஓல்கோன் தீவின் குஜிர் கிராமத்தைச் சுற்றி, கொஞ்சம் சைக்கிளில், கொஞ்சம் நடந்து. 636 கிலோமீட்டர் நீளம், 1,642 மீட்டர் வரை ஆழம் என்று படித்ததுமே 'உடைந்து உள்ளே போய்விட்டால்?' என்ற பயம்தான் முதலில் வரும். மார்ச்சில் பல இடங்களில் பனிக்கட்டி ஒரு மீட்டர் தடிமனுக்கு வந்து, அதன்மேல் வண்டிகளே ஓடும். பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வேறொன்று: இறங்கி நடக்க வேண்டிய இடத்தில் சைக்கிளைவிட்டு இறங்காமல் இருப்பது.

குளிரையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாத மைனஸ் 15 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 24 போல இருக்கும், ஏனென்றால் அந்தக் காற்றை உண்டாக்குவதே நீங்கள்தான். பெடல் மிதிக்கும்போது தொடை சூடாகும், ஆனால் பாதம் மடங்காது, விரல் அசையாது, அதனால் விரல் நுனிதான் முதலில் போகும். விரல் வலிக்க ஆரம்பித்த உடனே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கால் மணி நேரம் நடந்தால் சூடு திரும்பிவிடும். வலி நின்று மரத்துப்போவதை 'பரவாயில்லை, பழகிவிட்டது' என்று நினைப்பதுதான் மோசமான தவறு, அங்கிருந்துதான் உறைபுண் தொடங்குகிறது. இறுக்கமான ஷூவுக்குள் மூன்று காலுறை போடுவதும் இதே கணக்கில் வரும், ரத்த ஓட்டமே நின்றுவிட்டால் எத்தனை காலுறை போட்டு என்ன? ஒரு அளவு பெரிய பூட்ஸ் வாங்குங்கள். வெளுத்துப்போன விரலைப் பனியால் தேய்க்காதீர்கள், எதைக் கொண்டும் தேய்க்காதீர்கள். கைவிரலை அக்குளிலோ, கால்விரலைக் கூட வருபவரின் வயிற்றோடு சேர்த்தோ வைத்துச் சூடாக்கி, உடனே வழிகாட்டியிடம் காட்டுங்கள்.

அப்புறம் வியர்வை. நம் ஆட்கள் குளிர் என்றாலே இருக்கிற துணியை எல்லாம் காலையிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புவோம். அரை மணி நேரத்தில் உள்ளே நனைந்துவிடும், நின்றதும் அந்த ஈரம் உடம்பின் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டவே வேண்டாம், கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள். தடித்த ஜாக்கெட்டைப் பையின் மேலாக வைத்து, நின்ற அதே நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள், நடுங்கிய பிறகு போட்டால் சூடு பிடிக்க நேரமாகும்.

சைக்கிளில் பலர் டயரின் அகலத்தைத்தான் பார்க்கிறார்கள். பைக்காலில் காற்று பனித்தூளை அடித்துக்கொண்டு போய்விடுவதால் பல இடங்களில் வெறும் கண்ணாடிக் கட்டிதான் மிஞ்சும், அதில் அகலத்தைவிட டயரில் பதித்த ஆணிதான் முக்கியம். இரண்டு டயரிலும் ஆணி வேண்டும், முன் டயரில் மட்டுமாவது கட்டாயம். சீட்டைக் கொஞ்சம் இறக்கினால் சட்டென்று கால் ஊன்றலாம். சாய்ந்து திரும்பாதீர்கள், முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள். பக்கக் காற்று வலுத்தால் இறங்கிவிடுங்கள். இறங்கியதும் ஷூவுக்கு அடியில் இரும்பு முள் பட்டை மாட்டுங்கள், அது பையின் அடியில் கிடந்தால் மாட்ட மாட்டீர்கள்.

விரிசல் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். ராத்திரி குளிர் ஏறும்போது கட்டி சுருங்கிப் பிளக்கும், பகலில் வெயில் பட்டு விரிந்து அதே பிளவு நெருக்கி மூடி, ஓரங்கள் உடைந்து குவியலாக எழும். அந்த விரிசல்கள் பல கிலோமீட்டர் நீளம்கூடப் போகும். அதனால் நேற்று வண்டி போன தடம் இன்று பத்திரம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பீரங்கி போல வெடிக்கிற சத்தம் கேட்டு நடுங்க வேண்டாம், பெரும்பாலும் அது கட்டி விரிந்து சுருங்கும் சத்தம்தான். சத்தமே போடாத இடங்கள்தான் ஆபத்து: அடியிலிருந்து வாயுவோ வெந்நீர் ஊற்றோ நீரோட்டமோ கட்டியை மெலிதாக்கியிருக்கும், மேலே பனித்தூள் மூடியிருக்கும். சில வருடங்களில் 5 முதல் 7 கிலோமீட்டர் அகல வளையங்கள்கூட உருவாகின்றன, அடியில் சுழலும் கொஞ்சம் வெப்பமான நீர் அந்த வளையத்தின் விளிம்பை மட்டும் மெலிதாக்கிவிடும், செயற்கைக்கோள் படத்தில் பளிச்சென்று தெரியும், மேலே நிற்பவருக்குத் தெரியாது. போட்டோவுக்காக ஐம்பது அடி விலகிப் போகாதீர்கள் என்று வழிகாட்டி கத்துவது இதனால்தான்.

விரிசலைக் கடக்கும்போது வழிகாட்டி கோலால் தட்டிப் பார்க்கும்வரை நில்லுங்கள். அவர் கைகாட்டிய இடத்தில் ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு, நடந்து கடக்க வேண்டும், ஓட்டிக்கொண்டு தாண்டவே கூடாது. பனிக்கட்டியில் குத்தி ஏறும் கூர்முனைப் பிடிகளைக் கழுத்தில் மாட்டியிருங்கள். தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும், அதை அடக்குங்கள், அதன்பிறகு கை கால் வேலை செய்வது ஏறக்குறைய பத்து நிமிடம்தான். அதற்குள் வந்த திசையிலேயே திரும்பி ஏறுங்கள், அந்தப் பக்கக் கட்டிதான் உங்களைத் தாங்கியது. ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள்.

முன்பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: குழுவோடு வண்டி வருமா, ஈரமானவருக்கு மாற்றுத்துணி அதில் இருக்குமா, காற்று வலுத்தால் திரும்பும் முடிவை யார் எடுப்பார்? மூன்றாவதற்கு 'நீங்கள் எல்லோரும் சேர்ந்து பேசி முடிவு செய்யலாம்' என்று பதில் வந்தால் வேறு வழிகாட்டியைத் தேடுங்கள்.