‘நோ டிஸ்க்’ காட்டின கலியாண டிவிடி

கலியாண வீட்டு டிவிடி கணினியில் ஒழுங்காக ஓடியது. யாழ்ப்பாணத்து வீட்டு ரீவிக்குக் கீழே கிடந்த பழைய பிளேயர் மட்டும் ‘நோ டிஸ்க்’ என்றது. லென்ஸைத் துடைத்தும் பயனில்லை. தட்டைப் பார்த்தால் டிவிடி பிளஸ் ஆர். ஒருமுறை எழுதும் டிவிடித் தட்டில் பிளஸ் ஆர் (DVD+R), மைனஸ் ஆர் (DVD-R) என இரண்டு வகை.

1995இல் தொடங்கி 1997இல் டிவிடி ஃபோரம் எனப் பெயர் மாறிய கூட்டமைப்பு வகுத்தது மைனஸ் ஆர். பிளஸ் ஆர் அதற்குப் போட்டிக் கூட்டணியின் தட்டு. தட்டின் உட்சுற்றில் அது எந்த வகை என்று சொல்லும் ‘புக் டைப்’ என்றொரு குறியீடு உண்டு. அது பழக்கமில்லாத வகையைக் காட்டினால் சில பழைய பிளேயர்கள் மேலே வாசிக்காது.

தட்டை ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழுத் தட்டின் நகலாக, கணினியில் இறக்கினேன். தட்டு எழுதும் மென்பொருளான இம்க்பேர்னில் புக் டைப்பை ‘டிவிடி ரொம்’ (கடையில் விற்கும் படத் தட்டின் வகை) என மாற்றி, புதிய பிளஸ் ஆர் தட்டில் 4 மடங்கு வேகத்தில் எழுதி, சரியாக எழுதியதா என்று பார்க்கும் வெரிஃபையும் ஓடவிட்டேன். பிளேயர் உடனே பிடித்தது. எழுதி முடிந்த பிளஸ் ஆர் தட்டில் இதை மாற்ற முடியாது, முதலே செய்யவேணும். றைட்டர் இதற்கு இடங்கொடுக்காவிட்டால் மைனஸ் ஆர் தட்டு வாங்குங்கள். எழுதின பிறகு தட்டை மூடும் ஃபைனலைஸ் செய்ய மறந்தால் அதுவும் ஓடாது.

உறையில் 4.7 ஜிபி என்றாலும் விண்டோஸ் 4.38 என்றே காட்டும், பயப்படத் தேவையில்லை. மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கரை மட்டும் ஒட்டாதீர்கள்: எங்கள் வெக்கைக்கு அது சுருங்கித் தட்டை வளைத்துவிடும்.