பழைய உடையும் கேம்ப் ஒப்பனையும்: ஆசையோடு தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடுப்பில் இறுகிக் கீழே குடையாக விரியும் 1950களின் கவுன், 1970களின் அகன்ற காலர் சட்டை, உடல் முழுக்க ஜிகினா மின்னும் மேடைக் கோட்டு, வெளியானபோது தோற்று நள்ளிரவுக் காட்சிகளில் உயிர்பெற்ற படங்களின் பாத்திர வேடம் என்று, கடந்துபோன காலத்திலிருந்து ஏதோ ஒன்றை எடுத்து உடுத்தித் தன்னை வெளிப்படுத்திக்கொள்வது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நெடுநாளாக வேரூன்றிய ரசனை. அதில் மிகையையும் செயற்கையையும் கொண்டாடும் வகைக்குக் கேம்ப் என்று பெயர். அந்த ரசனைக்குள் புதிதாக நுழைபவர்கள் பணத்தையும் துணியையும் வீணாக்கும்போது, அவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் அந்தக் காலத்தைப் புகைப்படமாக மட்டுமே பார்த்திருக்கிறார்கள். துணி எதனால் ஆனது, எப்படித் தைக்கப்பட்டது, அதை முதலில் உடுத்தியவர் எந்தச் சூழலில் உடுத்தினார் என்பவையெல்லாம் புகைப்படத்தில் தெரிவதில்லை.

அளவுச் சீட்டை நம்புவது

முதல் அடி விழுவது அளவில்தான். 1958இல் அமெரிக்க அரசு வெளியிட்ட பெண்கள் உடை அளவுத் தரத்தில் 8 என்ற எண் 31 அங்குல மார்பையும் 23.5 அங்குல இடுப்பையும் குறித்தது. 2008இல் வந்த தனியார் தரத்தில் அதே எண் ஐந்து, ஆறு அங்குலம் பெருத்துவிட்டது. இன்று 8 அணியும் ஒருவர் பழைய கவுனில் அந்த எண்ணைக் கண்டு மகிழ்ந்து வாங்கினால், ஜிப் பாதி முதுகில் நின்றுவிடும். கோளாறு தன் உடம்பில்தான் என்று அவர் எண்ணிக்கொள்வது பணம் போனதைவிட மோசமான இழப்பு.

எண்ணை மறந்துவிட்டு, உடையைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள், இடுப்பின் இரு ஓரங்களுக்கு நடுவே என்று நாடாவால் அளந்து இரட்டித்துப் பார்ப்பதே சரியான முறை. இழுபடும் தன்மையுள்ள லைக்ரா இழை 1958இல்தான் டூபான்ட் நிறுவனத்தில் உருவானது என்பதால், அதற்கு முந்தைய நெய்த துணிகள் உடலுக்கு ஏற்ப இழுபடா. மூச்சுவிடவும் உட்காரவும் ஓரிரு அங்குலம் கூடுதலாக இருந்தே ஆக வேண்டும். பழைய தையலில் ஓரங்களில் தாராளமாகத் துணி பிடித்திருப்பார்கள் என்பதால் இடுப்பை ஓரளவு பிரித்து விடலாம். தோளும் மேலுடலின் நீளமும் பொருந்தாத உடையைத் தையல்காரரிடம் கொண்டுபோய்ப் பயனில்லை.

அளவு சரியாக இருந்தும் தோற்றம் வரவில்லை என்ற புலம்பலும் உண்டு. 1947 பிப்ரவரி 12ஆம் தேதி பாரிஸில் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் தியோர் காட்டிய புதிய உருவரை, அதாவது ஒடுங்கிய இடுப்பும் மீட்டர் கணக்கில் துணி விரியும் பாவாடையும், மேலுடையால் மட்டும் உண்டானதல்ல. இடுப்பை இறுக்கும் உள்கச்சையும், அடியில் விறைப்பான உள்பாவாடையும், சட்டைக்குள் தைத்த பஞ்சுத் திண்டுகளும் சேர்ந்தே அதை நிறுத்தின. உள்ளுடையைத் தவிர்ப்பது அவரவர் விருப்பம். ஆனால் அதைத் தவிர்த்துவிட்டு, படத்தில் இருந்ததுபோல் இல்லையே என்று உடையைக் குறைசொல்லக் கூடாது.

ஒரே அடையாளத்தை வைத்து வயதைத் தீர்மானிப்பது

ஏறத்தாழ இருபது ஆண்டுகளைக் கடந்த உடையைத்தான் வணிகர்கள் வின்டேஜ் என்று அழைப்பது வழக்கம். ஆனால் விற்பனை விளம்பரத்தில் அந்தச் சொல், அந்தக் காலத்துப் பாணியில் சென்ற மாதம் தைத்தது என்ற பொருளிலும் வரும். சில அடையாளங்கள் கைகொடுக்கும். பாலியெஸ்டர் 1941இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே பாலியெஸ்டரால் நெய்த 1930களின் கவுன் என்று ஒன்று இருக்க முடியாது. துவைப்புக் குறிப்புச் சீட்டு அமெரிக்காவில் 1972இல்தான் கட்டாயமானது. லீவைஸ் ஜீன்ஸின் சிவப்பு நாடாவில் நிறுவனப் பெயரின் (Levi's) இரண்டாம் எழுத்தான E 1971 வரை பெரிய எழுத்தாக இருந்தது. பிரிட்டனில் போர்க்காலக் கட்டுப்பாட்டின்கீழ் தைக்கப்பட்ட உடைகளில் 1941 முதல் 1952 வரை சி.சி. 41 என்ற முத்திரை இருக்கும்.

ஜிப்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. உலோக ஜிப் 1960களின் நடுப்பகுதிக்கு முந்தையது என்ற பொதுவிதி உண்மைதான். ஆனால் பழுதான ஜிப்பை மாற்றாத வீடு எங்கே இருக்கிறது? துணி, தையல், கொக்கி, சீட்டு ஆகியவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே அசல் விலை கொடுக்க வேண்டும். பழைய பாணியில் இன்று புதிதாகத் தைத்த மறுதயாரிப்பு உடையை அணிவது தாழ்வு என்று கருதும் சிலரும் இந்த வட்டாரத்தில் உண்டு. அது வெறும் வறட்டுப் பெருமை என்பது என் எண்ணம். வேலைக்குச் செல்லவும், பேருந்தில் நசுங்கவும், மழையில் நனையவும் மறுதயாரிப்பே மேல்.

இன்றைய துணியைப் போல நடத்துவது

அதிகமான உடைகள் அழிவது வாங்கிய முதல் வாரத்தில், துவைக்கும்போதும் தொங்கவிடும்போதும்தான். 1940களின் ரேயான் கிரேப் என்ற சுருக்க நெசவுத் துணி தண்ணீர் பட்டவுடன் கண்ணெதிரே சுருங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சில பத்தாண்டுகள் வரை, பட்டின் எடையையும் சரசரப்பையும் கூட்டுவதற்காக அதில் வெள்ளீய உப்பை ஏற்றினார்கள். அந்த உப்பு காலப்போக்கில் இழையை அறுத்துவிடும்; மடிப்பின் நெடுகக் கீறல் கீறலாகக் கிழியத் தொடங்கிய பட்டுக்கு மருந்து கிடையாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை உடுத்துவதற்காக வாங்காதீர்கள். அசிட்டேட் துணியில் நகப்பூச்சு சிந்திவிட்டால், அதை அழிக்கும் திரவத்தைத் தொடவே கூடாது. அதிலுள்ள அசிட்டோன் கறையோடு துணியையும் கரைத்துவிடும். செல்லுலாய்டு என்ற பழங்கால பிளாஸ்டிக் பொத்தான்களின்மேல் இஸ்திரிப் பெட்டி பட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

சாயத்தைப் பற்றிச் சொல்லும்போது நம் ஊர்த் துணி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் 1960களின் உடையில் இன்றும் போற்றப்படும் மெட்ராஸ் கட்டம், தமிழகக் கைத்தறிகளில் நெய்து, எளிதில் இளகும் சாயங்கள் ஏற்றிய பருத்தித் துணி. அங்கே வாங்கியவர்கள் வழக்கம்போலத் துவைத்தபோது நிறம் ஓடிக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. வணிகர்கள் சளைக்காமல், சாயம் போவதற்கு உத்தரவாதம் என்றே விளம்பரம் செய்து, குறையையே அதன் பெருமையாக்கினார்கள். இன்று அப்படியொரு அசல் கோட்டு கையில் கிடைத்தவர், அதை வெளிர்நிறத் துணிகளோடு ஊறவைக்காமல் தனியாகக் குளிர்ந்த நீரில் அலசுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

மணி கோத்த கவுனையும், துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டித் தைத்த 1930களின் கவுனையும், கம்பளிப் பின்னலாடையையும் ஹேங்கரில் மாட்டினால், தம் எடையாலேயே நீண்டு உருவிழந்துவிடும். அவற்றைப் படுக்கவைத்து, மடிப்புகளுக்குள் அமிலமற்ற மெல்லிய தாளைச் சுருட்டி வைக்க வேண்டும். பூச்சிக்குப் பயந்து பெட்டி நிறைய அந்துருண்டை போடுவதைக் காட்டிலும், கம்பளியை உறையில் இட்டுக் காற்றுப் புகாமல் மூடிக் கடுங்குளிர்ப் பெட்டியில் சில வாரம் வைப்பது மேல். அந்துருண்டையின் வாடை அத்தனை எளிதில் போகாது.

சில உடைகளை உடுத்தாமல் இருப்பதே அவற்றுக்குச் செய்யும் சரியான பராமரிப்பு. 1962 மே மாதத்தில் குடியரசுத் தலைவர் கென்னடிக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பாட மர்லின் மன்றோ அணிந்த கவுனை, 2016இல் விநோதப் பொருள்களின் காட்சியகங்களை நடத்தும் ரிப்ளீஸ் நிறுவனம் 48 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் ஆண்டு உடை விழாவான மெட் காலாவில், 2022இல், தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்டாஷியன் அதைச் சில நிமிடங்கள் அணிந்து, பிறகு ஒரு நகலுக்கு மாறினார். கவுன் சேதமடையவில்லை என்று நிறுவனம் சொன்னது. ஆனால் வரலாற்று உடைகளை யாரும் அணியக் கூடாது என்று அருங்காட்சியகங்களின் பன்னாட்டு அமைப்பு வெளிப்படையாக அறிவிக்க வேண்டியதாயிற்று. உடலோடு ஒட்டித் தைக்கப்பட்ட மெல்லிய பட்டு, வேறொரு உடலின் வியர்வையையும் இழுப்பையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. கையில் நகல் இருக்கும்போது அசலை ஏன் தொட வேண்டும் என்ற கேள்விக்கு இதுவரை நல்ல பதில் ஒன்றையும் நான் கேட்டதில்லை.

பகட்டையும் ஏளனத்தையும் கேம்ப் என்று எண்ணுவது

கேம்ப் என்ற ரசனையைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1964இல் 58 குறிப்புகளாக எழுதிய கட்டுரைதான் அதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. செயற்கையிலும் மிகையிலும் இன்பம் காண்பது, தோற்றுப்போன பெருமுயற்சியைக் கனிவோடு ரசிப்பது என்று அவர் அதை விளக்குகிறார். தெரியாமலே கேம்ப் ஆகிவிட்டவற்றையும் திட்டமிட்டுச் செய்யப்படுபவற்றையும் பிரித்து, முன்னதையே உயர்வாகக் கருதினார். 2019 மெட் காலாவின் கருப்பொருள் அதுவே ஆனபோது, பலர் கூடுதல் ஜிகினாவோடும் இறகுகளோடும் வந்து நின்றார்கள். ஆறு ஆடவர் பல்லக்கில் சுமந்துவர, பொன்னிறச் சிறகு விரித்து வந்த நடிகர் பில்லி போர்ட்டருக்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை. ஜிகினா இரு தரப்பிலும் இருந்தது. தன்னை முழுதாக ஒப்புக்கொடுத்த ஆட்டம் ஒருவரிடமே இருந்தது.

இதைவிடப் பெரிய தவறு, கேம்பைக் கிண்டலாகக் கருதுவது. தாம் மதிக்காத ஒன்றை வைத்து ஒருவர் கேம்ப் செய்ய முடியாது என்று கிறிஸ்டபர் இஷர்வுட்டின் 1954ஆம் ஆண்டு நாவலில் ஒரு பாத்திரம் சொல்கிறது. அசிங்கமான உடை என்று நினைத்துக்கொண்டே, பிறரைச் சிரிக்கவைக்க அதை அணிந்து செல்பவர், அந்த உடையை நேசிக்கும் மனிதர்களுக்கு மேலே தம்மை நிறுத்திக்கொள்கிறார். பார்ப்பவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அந்த நேசம் எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களுக்கிடையிலான உறவு 1967 வரை குற்றம். அமெரிக்க நகரங்களில் எதிர்பாலின உடை அணிந்தவர்களைக் காவலர்கள் கைதுசெய்த காலமும் அதுவே. தன்பாலீர்ப்பாளர்கள் தங்களை ஒருவருக்கொருவர் அடையாளம் காட்டிக்கொள்ளவும், அடக்குமுறையைச் சிரிப்பால் தாங்கவும் வளர்த்த நடையே கேம்பின் பெரும்பகுதி. பால்டிமோரில் இயக்குநர் ஜான் வாட்டர்ஸின் படங்களில் பெண் வேடத்தில் நடித்த ஆண் கலைஞர் டிவைனுக்கு, கண் ஒப்பனைக்கு இடம் போதவில்லை என்று முன்தலை முடியையே மழித்துவிட்டார் ஒப்பனையாளர் வான் ஸ்மித். எவருக்கும் பிடித்தமாக இருக்கும் முயற்சியை அறவே கைவிட்ட துணிச்சல் அது. அந்த வரலாற்றைத் துடைத்துவிட்டு நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், மிஞ்சுவது பண்டிகைக் கடை அலங்காரம்.

உடையின் வரலாற்றைத் துடைத்துவிடுவதற்கு இன்னும் கசப்பான எடுத்துக்காட்டு ஸூட் சூட். முழங்கால் வரை நீண்ட கோட்டும் தொளதொளத்த கால்சட்டையும் கொண்ட அந்த உடையை இன்று கேளிக்கை விருந்துகளில் ரவுடி வேடமாக விற்கிறார்கள். கறுப்பின, மெக்சிக அமெரிக்க இளைஞர்கள் தங்கள் மிடுக்குக்காக அணிந்தது அது. போர்க்காலத்தில், 1942இல், கம்பளித் துணிக்கு அரசு கட்டுப்பாடு விதித்ததால், அதை அணிவதே தேசத்துரோகம்போலப் பேசப்பட்டது. 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் கடற்படையினரும் பிற படைவீரர்களும் அந்த இளைஞர்களை அடித்து, உடையை உருவிக் கிழித்தார்கள். அதை அணிய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரவுடி வேடம் என்று அணியாதீர்கள்.

நகலெடுப்பதோடு நின்றுவிடுவது

1954இல் லாஸ் ஏஞ்சல்ஸ் தொலைக்காட்சியில் பேய்ப்படங்களைத் தொகுத்து வழங்கிய மைலா நூர்மியின் வம்பீரா பாத்திரம், சார்லஸ் ஆடம்ஸின் கேலிச் சித்திரங்களிலிருந்து பிறந்தது. 1981இல் அதே நகரில் கசாண்ட்ரா பீட்டர்சன் எல்வைராவாகத் தோன்றியபோது, கறுப்புக் கவுனும் வெளுத்த முகமும் மீண்டும் வந்தன. நூர்மி வழக்குத் தொடுத்துத் தோற்றார். அவருடைய மனக்குறை நியாயமற்றது என்று சொல்ல முடியாது. ஆனாலும் எல்வைரா நிலைத்ததற்குக் காரணம் கவுன் அல்ல. தன் நகரத்துப் பதின்வயதுப் பெண்களின் இழுவைப் பேச்சையும் தன்னையே கேலிசெய்யும் சிரிப்பையும் பீட்டர்சன் அதற்குள் கொண்டுவந்தார். தலை முதல் கால் வரை ஒரே பத்தாண்டின் உடையில், அதே காலத்துக் கூந்தலோடும் உதட்டுச்சாயத்தோடும் வருபவர் அருங்காட்சியகப் பொம்மையைப்போல் தோன்றுவதும் இதனால்தான். தொடக்கத்தில் ஒரே ஒரு பழைய பொருளை எடுத்து, அன்றாடம் உடுத்துபவற்றோடு சேர்த்துப் பழகினால், எது தம் உடலோடும் பேச்சோடும் ஒட்டுகிறது என்பது தெரியவரும்.

சிறு கூட்டம் ஒன்று தீவிரமாகக் கொண்டாடும் கல்ட் படங்களின் ரசிகர் கூட்டங்களில் இதற்கு நேர்மாறான குற்றமும் நடக்கிறது. எல்லாப் படத்தையும் பார்த்திராதவர், வசனம் தெரியாதவர் உண்மையான ரசிகர் அல்லர் என்று வாசலிலேயே தேர்வு வைக்கிறார்கள். 1975இல் வெளியாகி ஓடாத ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ, 1976 முதல் நியூயார்க்கின் வேவர்லி திரையரங்கில் நள்ளிரவுக் காட்சியாக நிலைபெற்றதே, யாரோ சிலர் திரையை நோக்கிக் கத்தத் தொடங்கியதாலும், மற்றவர்கள் அதைத் தடுக்காததாலும்தான். அங்கே திருமணக் காட்சியில் அரிசி எறிவார்கள்; மழைக் காட்சியில் தலைக்குமேல் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சிக்கொள்வார்கள். எறியும் பொருள்களை எல்லா அரங்குகளும் அனுமதிப்பதில்லை என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வேடமிட்டு வருபவர்களைக் கேட்காமல் தொடுவதும் படமெடுப்பதும் அந்தக் கூட்டத்தில் மன்னிக்கப்படுவதில்லை. 1940களின் அசல் கிரேப் கவுனை அன்றைக்கு வீட்டில் விட்டுவிட்டு, மறுதயாரிப்பை உடுத்திச் செல்லுங்கள்.