கியர் சைக்கிளில் செயின் சீக்கிரம் தேயாமல் ஓட்டுவது எப்படி?

21 கியர் சைக்கிள் வாங்கியவர்கள் பலர், 21ஐயும் போட்டு ஓட்டினால்தான் கொடுத்த காசுக்கு நியாயம் என்று நினைக்கிறார்கள். தேவையே இல்லை. சில கியர்களைத் தொடாமல் விட்டாலே செயினும் பற்களும் கூடுதல் காலம் உழைக்கும்.

1. பற்களை எண்ணுங்கள்

பெடல் பக்கம் 3 பல்சக்கரங்கள், பின்னால் 7. ஒரு பல்லில் சாக்பீஸ் அடையாளம் வைத்து எண்ணினால் குழப்பம் வராது. பல மாடல்களில் முன்னால் 28, 38, 48 பற்களும், பின்னால் 14 முதல் 28 வரையும் இருக்கும். அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

2. வகுத்துப் பாருங்கள்

முன் பற்களைப் பின் பற்களால் வகுத்தால், பெடல் ஒருமுறை சுற்றும்போது பின் டயர் எத்தனை முறை சுற்றும் என்பது தெரியும். 28ஐ 14ஆல் வகுத்தால் 2. 48ஐ 24ஆல் வகுத்தாலும் 2. நடுச் சக்கரத்தில் 38–20 போட்டால் 1.9. காலுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். செயினுக்கு அப்படி இல்லை. 28–14இல் அது உள்ளிருந்து வெளியே கோணலாக ஓடுகிறது. 48–24இல் எதிர்ப்பக்கக் கோணல். இரண்டிலும் செயின் பல்லின் பக்கவாட்டில் உரசும். 38–20 மட்டும் நேராகப் போகும்.

28–14க்கு இன்னொரு கெடுதலும் உண்டு. அதே மிதிக்கு, 48இல் இருப்பதைவிடச் சுமார் 1.7 மடங்கு இழுவிசை செயினில் விழுகிறது. அதைத் தாங்கப் பின்னால் பற்களும் குறைவு. போதாததற்கு, 14 பல்லைச் சுற்றும்போது ஒவ்வொரு கண்ணியும் கிட்டத்தட்ட 26 பாகை மடங்குகிறது. 28 பல்லில் அதில் பாதிதான். கண்ணிகளை இணைக்கும் ஆணிகள் தேய்வது இந்த மடக்கத்தில்தான்.

3. லீவரில் எப்படி?

இடது லீவர் முன் சக்கரங்களுக்கு; 1 என்றால் சிறியது. வலது லீவர் பின் சக்கரங்களுக்கு; 1 என்றால் பெரியது. இடது லீவரை 2இல் வையுங்கள். வலதை 1 முதல் 7 வரை தாராளமாக மாற்றலாம். ஊருக்குள் ஓட்ட இதுவே போதும். செங்குத்தான ஏற்றத்துக்கு இடது 1, வலது 1–4. வேகத்துக்கு இடது 3, வலது 4–7. இடது 3, வலது 1 மட்டும் வேண்டவே வேண்டாம்: செயின் விறைத்துவிடும். அப்புறம், மேம்பாலம் ஏறத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் பற்கள் அடிபடும்.

4. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்

ஓர் ஆணியின் மையத்தில் 0 வையுங்கள். அடுத்த 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். 3 மில்லிமீட்டர் தாண்டிவிட்டால் பின் பற்களும் தேய்ந்திருக்கும்; புதுச் செயின் மட்டும் போட்டால், அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும்.