காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம், மிதித்தால் திணறல்: பாகம் வாங்கும் முன் தவிர்க்க வேண்டியவை

காலையில் பலமுறை செல்ஃப் அடித்த பிறகே பெட்ரோல் காரின் எஞ்சின் பிடிக்கிறது. சாலைக்கு வந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் திணறி, பிறகுதான் நகர்கிறது. பெங்களூரில் இந்தத் தொல்லை வந்ததும் பலர் நேராக உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டுக்குப் போய் பிளக், காயில், சென்சார் என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். பணத்தை அதிகம் விழுங்கும் தவறு இதுதான். பொருத்திப் பார்த்த சென்சாரைக் கடைக்காரர் பொதுவாகத் திரும்ப எடுக்கமாட்டார்.

இரண்டு கோளாறுகளையும் தனித்தனியாகப் பார்ப்பது அடுத்த தவறு. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரி, இழுவை இல்லை என்றால் கிளட்ச் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நல்ல பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல், எஞ்சினும் வேகமாகச் சுற்றினால் பேட்டரியை விட்டுவிடுங்கள். இரண்டு தொல்லைகளுக்கும் பொதுவான காரணத்தைத் தேடுங்கள். பெட்ரோல் போதாமை, சென்சாரின் கணக்கில் வராமல் கசிந்து நுழையும் காற்று, பலவீனமான தீப்பொறி ஆகிய மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும்.

பெட்ரோலிலிருந்து தொடங்கலாம். சாவியை ஆன் நிலையில் வைத்துக் காது கொடுங்கள். பெரும்பாலான கார்களில் பின் சீட்டின் பக்கமிருந்து ஏறத்தாழ இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்டு நிற்கும். அது டேங்குக்குள் இருக்கும் பம்ப். செல்ஃப் அடிக்காமல் இப்படி இரண்டு மூன்று முறை ஆன், ஆஃப் செய்த பிறகு எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டால், இரவில் பெட்ரோல் குழாயின் அழுத்தம் வடிந்துவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். பம்பின் வால்வோ, எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகுவதோ காரணமாக இருக்கும்.

ஆனால் சத்தம் கேட்டதை வைத்தே பம்ப் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. ஓடுவது வேறு, அழுத்தம் தருவது வேறு. பல பெட்ரோல் கார்களில் 3 முதல் 4 பார் வரை அழுத்தம் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்குரிய அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். கேஜ் வைத்து அளக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். நின்ற இடத்தில் சரியாகக் காட்டும் முள், எஞ்சினுக்குப் பாரம் கூடும்போது சரிந்தால் பம்ப் தளர்ந்திருக்கிறது அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது.

காரின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0171 என்று வந்தால் உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுகிறார்கள். கலவையில் பெட்ரோல் குறைவு என்பதுதான் அந்தக் குறியீட்டின் பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்பதல்ல. கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூயல் டிரிம் அளவையும் பாருங்கள். ஐடிலிங்கில் மிகவும் கூடியிருந்து, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் இறங்கினால், எஞ்சினின் காற்றுப் பாதையோடு இணைந்த வேக்குவம் ஹோஸில் (ரப்பர் குழாயில்) கசிவைத் தேடலாம். வேகம் கூடக்கூட அதுவும் ஏறினால் பெட்ரோல் வரத்தையோ காற்றளவு சென்சாரையோ பார்க்க வேண்டும். இதையெல்லாம் குறித்துக்கொள்ளும் முன் குறியீட்டை அழிக்காதீர்கள். பேட்டரி டெர்மினலையும் கழற்றாதீர்கள். கோளாறு வந்த நேரத்தில் பதிவான விவரங்களும் சேர்ந்து அழிந்துவிடும்.

யாரும் எளிதில் சந்தேகிக்காத ஒன்று, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்ப சென்சார். ஜனவரி மாதத்துப் பெங்களூர்க் காலையில் வெளியே 16 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவெல்லாம் நின்ற காரில் கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவில் இருக்க வேண்டும். ஸ்கேனரில் கூலன்ட் மட்டும் 60 டிகிரி என்று காட்டினால், எஞ்சின் சூடாக இருப்பதாக நம்பி, குளிர்ந்த எஞ்சினுக்குத் தர வேண்டிய கூடுதல் பெட்ரோலைக் கணினி தராது. ஸ்டார்ட் ஆகத் தாமதமும் மிதித்தால் திணறலும் ஒன்றாகவே வரும். 60 டிகிரி நம்பக்கூடிய அளவு என்பதால் எச்சரிக்கை விளக்கு எரியாமலும் போகலாம்.

வேக்குவம் ஹோஸின் கசிவைக் கண்டுபிடிக்கச் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் தெளிப்பவர்களைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்; தீப்பிடிக்கும். புகை செலுத்திப் பார்க்கும் கருவி ஒர்க்‌ஷாப்களில் கிடைக்கிறது.

மெக்கானிக்கிடம் போய், “அண்ணா, பிளக்கை மாற்றிவிடுங்கள்” என்று சொல்லாதீர்கள். குளிர்ந்திருக்கும்போதா, சூடானபோதா, மேம்பாலம் ஏறும்போதா, எப்போது தொல்லை வருகிறது என்று சொல்லுங்கள். வேலை முடிந்ததும் சூடான எஞ்சினை ஒருமுறை முடுக்கிக் காட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். வண்டியை அன்றிரவு அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் செல்ஃபை நீங்களே அடித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.