ராமநாதபுரம் கடற்கரையில் இருந்தபடி ஜெர்மன் ஏ1: தமிழ் வழியாகப் படியுங்கள்

தொண்டியில் கடலியல் படிக்கிறவர்கள், கீழக்கரையில் இன்ஜினியரிங் படிக்கிறவர்கள், ராமநாதபுரத்தில் பி.எஸ்ஸி. முடிக்கப்போகிறவர்கள் என்று நம் பக்கம் ஜெர்மன் கற்க நினைக்கும் மாணவர்கள் இப்போது நிறையப் பேர். காரணம் தெரிந்ததுதான். கீல் நகரில் கியோமார், பிரெமர்ஹாஃபனில் ஆல்ஃபிரெட் வேகனர் நிறுவனம், பிரெமனில் வெப்பமண்டலக் கடலாய்வு மையம் என்று கடலைப் படிக்கிறவர்களுக்கு அங்கே பெரிய பெரிய இடங்கள் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்துக்குள் ஆங்கிலம் போதும், ஆனால் வாடகைக்கு அறை பார்க்க, டாக்டரிடம் போக, அலுவலகத்தில் ஒரு படிவம் நிரப்ப ஜெர்மன் வேண்டும். ஏ1 என்கிற முதல் நிலையை எங்கே தொடங்குவது என்றால் என் பதில் ஒன்றுதான்: ஆங்கிலத்தை நடுவில் வைக்காதீர்கள், தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

ஆங்கிலத்தில் எழுதிய புத்தகங்கள் வேற்றுமை என்றாலே பயமுறுத்தும். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு அது புதிது, நாமோ பள்ளிக்கூடத்திலேயே எட்டு வேற்றுமையும் ஒப்பித்தவர்கள், ஜெர்மனில் இருப்பது நாலுதான். 'மீனவர் குழந்தைக்கு மீனைக் கொடுக்கிறார்' என்பதை ஜெர்மனில் 'டேர் ஃபிஷர் கிப்ட் டேம் கின்ட் டேன் ஃபிஷ்' என்பார்கள். 'குழந்தைக்கு' என்பதில் இருக்கும் 'கு' அங்கே 'டேம்', 'மீனை' என்பதில் இருக்கும் 'ஐ' அங்கே 'டேன்'. நாம் சொல்லின் கடைசியில் ஒட்டுவதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. நாம் 'மீன் வாங்கினேன்' என்று 'ஐ'யை விட்டுவிட்டுப் பேசுவோம், ஜெர்மனில் விட முடியாது, ஆண்பால் சொல்லாக இருந்தால் 'டேர்' கண்டிப்பாக 'டேன்' ஆக வேண்டும். பெண்பாலுக்கு வரும் 'டீ'யும், இரண்டும் இல்லாததற்கு வரும் 'டாஸ்'ஸும் அந்த இடத்தில் மாறாது.

இன்னொன்று, இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. நம்மூர் வெயிலில் 'எனக்கு வெக்கையா இருக்கு' என்கிறோம் இல்லையா, ஜெர்மன்காரரும் 'மிர் இஸ்ட் ஹைஸ்' என்று 'எனக்கு' போட்டுத்தான் சொல்வார். ஆங்கிலம் வழியாக வருகிறவர் 'நான்' போட்டு 'இஷ் பின் ஹைஸ்' என்பார், அது வேறு அர்த்தமாகி எதிரில் இருப்பவர் நெளிவார். 'எனக்குப் பிடித்திருக்கிறது', 'எனக்குக் குளிர்கிறது', 'எனக்கு உதவு' எல்லாவற்றுக்கும் இதே 'மிர்'தான். எல்லா இடத்திலும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள், 'அவரிடம் கேள்' என்பதை ஜெர்மனில் 'அவரைக் கேள்' என்ற அமைப்பில் சொல்வார்கள். வித்தியாசப்படும் இடங்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாகக் குறித்துக்கொண்டே வாருங்கள். நீ, நீங்கள் வேறுபாடும் அப்படியே இருக்கிறது, 'டூ' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள்.

வினைச்சொல்லுக்கு ஒரே விதி: சாதாரண வாக்கியத்தில் அது இரண்டாவது இடத்தில் நிற்கும். 'இன்றைக்கு' என்று தொடங்கினால் அடுத்து வினை, அப்புறம்தான் 'நான்': 'ஹொய்டெ ஃபாரெ இஷ் நாஹ் ராமேஸ்வரம்'. ஆனால் 'முடியும்', 'வேண்டும்' மாதிரி துணைவினை வந்துவிட்டால் முக்கிய வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும், தமிழில் போலவே. 'இஷ் முஸ் ஹொய்டெ நாஹ் மதுரை ஃபாரன்', இன்று நான் மதுரைக்குப் போக வேண்டும்.

தமிழ் கைகொடுக்காத இடம் டேர், டீ, டாஸ். நமக்கு உயர்திணை அஃறிணை பொருளைப் பார்த்தாலே தெரியும், அங்கே கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லை. ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் டேர், டீ, டாஸுடனும் பன்மையுடனும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள், தனிச்சொல்லாக ஒன்றைக்கூட எழுதாதீர்கள். இது சும்மா அலங்காரம் இல்லை, 'டீ ஸே' என்றால் கடல், 'டேர் ஸே' என்றால் ஏரி. கண்ணில் படுவதிலிருந்து தொடங்கினால் மனதில் நிற்கும்: டாஸ் போட் படகு, டாஸ் நெட்ஸ் வலை, டாஸ் ஸால்ட்ஸ் உப்பு, டீ இன்ஸெல் தீவு, டீ ப்ரூக்கெ பாலம், டேர் ஹாஃபன் துறைமுகம். கொஞ்சம் விதிகளும் உண்டு. 'உங்' என்று முடிந்தால் டீ, 'ஷென்' என்று முடிந்தால் டாஸ், கிழமைகளும் மாதங்களும் டேர்.

உங்கள் நோட்டில் ஜெர்மனைத் தமிழ் எழுத்தில் எழுதவே எழுதாதீர்கள். இங்கே படிக்க வசதியாக நான் எழுதுகிறேன், ஆனால் தமிழில் ஒரே 'ப' இரண்டு ஒலிகளுக்கு நிற்கிறது. 'பாக்கன்' என்று எழுதிவைத்தால் அது மூட்டை கட்டுவதா ரொட்டி சுடுவதா என்று உங்களுக்கே தெரியாது. மேலே இரண்டு புள்ளி வைத்த எழுத்துகளில் ü-வுக்கு, 'ஈ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள், ö-வுக்கு 'ஏ' சொல்லிக்கொண்டே 'ஓ'வுக்குக் குவியுங்கள். புத்தகம் என்பதற்கான 'புஹ்' என்ற சொல்லின் கடைசியில் தொண்டையில் உரசும் ஒலி பலருக்குக் கஷ்டம், ஆனால் சின்ன வயதில் மதரஸாவில் ஓதிய கீழக்கரை, தொண்டிப் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது. பக்கத்தில் அப்படி ஒரு தோழியோ தோழனோ இருந்தால் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

எண்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். 21 என்பதை 'ஒன்றும் இருபதும்' என்று திருப்பிச் சொல்வார்கள், 743 என்றால் 'எழுநூற்று மூன்றும் நாற்பதும்'. கேட்கும்போது கை தவறாமல் 3-ஐ முதலில் எழுதிவிடும். பாம்பனிலோ மண்டபத்திலோ மீன் ஏலம் விடும் இடத்தில் ஓரமாக நின்று, சொல்லும் ஒவ்வொரு தொகையையும் மனதுக்குள் ஜெர்மனில் சொல்லிப் பாருங்கள், அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தால் தேர்வில் வரும் எண்கள் ஒன்றுமே இல்லை. நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு: 'ஹால்ப் ட்ரை' என்றால் இரண்டரை மணி, மூன்றரை இல்லை.

பாடத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்ச வெல்லெ தரும் 'நிகோஸ் வேக்' என்ற இணையப் பாடம் இலவசம், ஏ1-இல் தொடங்கி ஏ2, பி1 என்று மூன்று நிலைகள் போகும். வகுப்பறைப் பாணி பிடிக்கும் என்றால் ஐஐடிகளின் பாடங்கள் இருக்கும் என்பிடெல் தளத்தில் ஐஐடி மெட்ராஸ் தரும் ஜெர்மன் பாடம் இருக்கிறது. ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கோத்தே நிறுவனத்தின் ஏ1 சொற்பட்டியலும் மாதிரித் தேர்வும் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும், பட்டியலில் சுமார் 650 சொற்கள், அவற்றைச் சொற்களை மனப்பாடம் செய்ய உதவும் அன்கி செயலியில் ஏற்றிவிடுங்கள். ஏ1-க்கு 45 நிமிட வகுப்புகள் 80 முதல் 200 வரை தேவைப்படும் என்பது அவர்கள் கணக்கு, ஒரு செமஸ்டர் முழுக்க தினமும் ஒரு மணி நேரம் என்றால் வந்துவிடும். ஒலிப்பாடங்களை வீட்டில் இறக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸில் கேளுங்கள். கேட்பதோடு நிறுத்தாமல் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும், சாயங்காலம் கடற்கரையில் நடந்துகொண்டே சொன்னால் காற்றிரைச்சலில் யாருக்கும் கேட்காது.

தேர்வுக்குச் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் கோத்தே நிறுவனத்துக்குப் போகலாம், மேக்ஸ் முல்லர் பவன் என்றால் எல்லாருக்கும் தெரியும். கேட்டல் 20 நிமிடம், படித்தல் 25, எழுதுதல் 20, பேச்சு 15, நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. பேச்சுத் தேர்வு குழுவாக நடக்கும். பெயர், வயது, ஊர், மொழிகள், படிப்பு, பொழுதுபோக்கு சொல்லி, ஒரு பெயரை எழுத்துக்கூட்டி, ஒரு எண்ணையும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பெயர்கள் நீளம், 'ராமநாதபுரம்' என்பதை ஜெர்மன் எழுத்துப் பெயர்களில் திணறாமல் கூட்டும்வரை பழகுங்கள். 'என் அப்பா மீனவர்' என்பதை 'மைன் ஃபாட்டர் இஸ்ட் ஃபிஷர்' என்று சொன்னால் போதும், தொழிலுக்கு முன்னால் டேர் வராது. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், பதிவு எப்போது திறக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள், ரயில் டிக்கெட்டையும் அதோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

பத்து நாளில் ஏ1, கையோடு வேலை என்று சொல்லும் ஏஜென்டிடம் வீட்டுக் காசைக் கொடுக்காதீர்கள். ஏ1-ஐ வைத்துக்கொண்டு அங்கே நர்ஸ் வேலையோ தொழிற்பயிற்சியோ கிடைக்காது, அதற்கு பி1, பி2 வரை போக வேண்டும். அதனால் ஏ1 தேர்வு எழுதிவிட்டு வந்த அடுத்த வாரமே ஏ2 பாடத்தைத் திறந்துவிடுங்கள், முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் மனப்பாடம் செய்த டேர், டீ, டாஸ்தான் முதலில் மறந்துபோகும்.