ஏஐ ஏஜென்ட்டுக்கான அச்சுறுத்தல் தேடல் கருவி: விளக்கக்குறிப்பை எழுதும் முறை

சந்தேகத்துக்குரிய ஐபி முகவரி, டொமைன், கோப்பின் ஹாஷ் (கோப்பிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எழுத்துத் தொடர்) எதைக் கொடுத்தாலும் வைரஸ்டோட்டலில் தேடிச் சொல்லும் சிறு கருவி ஒன்றை எம்சிபி வழியாக ஏஜென்ட்டோடு இணைத்தேன். வைரஸ்டோட்டல் என்பது பல வைரஸ் எதிர்ப்பு எஞ்சின்களின் முடிவுகளைத் திரட்டித் தரும் தளம்; எம்சிபி என்பது ஏஐ மாடலை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறை; ஏஜென்ட் என்பது அந்தக் கருவிகளைத் தானே அழைத்து வேலை செய்யும் ஏஐ. நிரல் ஒரே மாலையில் முடிந்துவிட்டது. கருவியின் விளக்கக்குறிப்பைச் சரியாக எழுதத்தான் இரண்டு வாரம் பிடித்தது. ஏபிஐ கீ வாங்கி சர்வரை ஓட்டுவது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, குறிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

படி 1: எப்போது அழைக்க வேண்டும்?

எம்சிபியில் கருவியின் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (என்ன உள்ளீடு, எந்த வடிவில் என்ற வரையறை) ஆகியவைதான் மாடலின் கண்ணில் படும். நீங்கள் பாடுபட்டு எழுதிய ரீட்மீ (நிரலோடு வைக்கும் விளக்கக் கோப்பு) அதற்குப் போய்ச் சேராது. எனவே எப்போது அழைக்கலாம், எப்போது கூடாது என்பதை விளக்கத்திலேயே எழுதுங்கள். "10.", "192.168." என்று தொடங்கும் உள்வலை முகவரிகளைத் தேட வேண்டாம் என்று சொல்வது அவசியம். வீண் தேடலுக்கு இடமில்லை: வைரஸ்டோட்டலின் இலவசக் கணக்கில் நிமிடத்துக்கு 4, நாளுக்கு 500 தேடல்கள்தான்.

பைத்தானில் எம்சிபி சர்வர் எழுத உதவும் ஃபாஸ்ட்எம்சிபியைப் பயன்படுத்துவதே என் விருப்பம். டாக்ஸ்ட்ரிங்கே (செயற்கூறுக்குள் எழுதும் விளக்க உரை) கருவியின் விளக்கமாகப் போய்விடுவதால், நிரலை மாற்றும்போது குறிப்பும் கண்முன் இருக்கும்.

படி 2: உள்ளீடு

ஐபியா, டொமைனா, ஹாஷா என்ற வகையைத் தனிப் புலமாகக் கேளுங்கள். ஹாஷ் என்றால் நீளத்தையும் சொல்லுங்கள்: எம்டி5 32 எழுத்து, ஷா1 40, ஷா256 64. பாதுகாப்பு அறிக்கைகளில் முகவரியை யாரும் தவறிக் கிளிக் செய்யாதபடி 192[.]0[.]2[.]10 என்று எழுதுவார்கள். அடைப்புக்குறியை நீக்கும் வேலையை மாடலிடம் விடாமல் நிரலிலேயே செய்துவிடுங்கள்.

படி 3: விடையின் பொருள்

நான் தடுக்கி விழுந்த இடம் இது. மின்னஞ்சலில் வந்த ஒரு கோப்பின் ஹாஷைக் கொடுத்தேன். "இந்தக் கோப்பு பாதுகாப்பானது" என்று ஏஜென்ட் உறுதியாகச் சொன்னது. எனக்குச் சந்தேகம் வந்து மூல விடையைத் திறந்தால், 404. அதாவது அந்தக் கோப்பு வைரஸ்டோட்டலின் பதிவிலேயே இல்லை. என் நிரல் 404 வந்தால் காலிப் பட்டியலைத் திருப்பியது. பட்டியலில் ஒன்றும் இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று மாடல் முடிவுகட்டிவிட்டது.

கோப்பில் ஒரு பைட் மாறினாலே ஹாஷ் முழுவதும் மாறிவிடும். குறிவைத்துத் தாக்குபவர்கள் ஆளுக்கொரு கோப்பாகச் செய்து அனுப்ப முடியும். ஆகவே ஆபத்தான கோப்பு பதிவில் இல்லாமல் போவது சாதாரணம்.

இப்போது என் கருவி நான்கு நிலைகளில் ஒன்றைச் சொல்கிறது: தீங்கானது என்று சில எஞ்சின்கள் சொல்கின்றன; பதிவில் உண்டு, ஆனால் எந்த எஞ்சினும் குறை சொல்லவில்லை; பதிவில் இல்லை; தேட முடியவில்லை. தேடல் வரம்பைத் தாண்டி 429 என்ற பிழை வந்தால் கடைசி நிலை. விளக்கத்தில் இந்த வரி இருக்கிறது: "பதிவில் இல்லை என்றால் பாதுகாப்பானது என்று பொருள் அல்ல, தெரியவில்லை என்றே பதில் சொல்." உரையாடல் நீளும்போது மாடல் அதைக் கோட்டைவிட்டதைப் பார்த்த பிறகு, அதே வரியைத் தேடல் விடையிலும் சேர்த்தேன். அதற்கப்புறம்தான் நிம்மதி.

எத்தனை எஞ்சின்கள் எச்சரித்தன, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்பதையும் விடையில் கொடுங்கள். கிளவுட் ஐபி கைமாறிக்கொண்டே இருக்கும்; பழைய எச்சரிக்கை இன்றைய வாடகைதாரரைப் பற்றியதாக இல்லாமல் போகலாம். மற்றபடி வைரஸ்டோட்டல் அனுப்பும் ஜேசன் (மூலத் தரவு) முழுவதையும் கொட்டாதீர்கள்.

படி 4: சோதனை

எம்சிபி இன்ஸ்பெக்டரில் (மாடல் இல்லாமல் கருவியை நேரடியாகச் சோதிக்கும் மென்பொருள்) மூன்றைத் தேடுங்கள்: ஐகார் சோதனைக் கோப்பின் (வைரஸ் எதிர்ப்பு மென்பொருளைச் சோதிக்கவே உருவாக்கிய தீங்கற்ற கோப்பு) ஹாஷ், கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8, நீங்களே ஏதாவது தட்டச்சு செய்து சேமித்த கோப்பின் ஹாஷ். மூன்றாவதற்கு "பதிவில் இல்லை" என்று வர வேண்டும். பிறகு அதே மூன்றையும் ஏஜென்ட்டிடமே கேட்டுப் பாருங்கள்; மூன்றாவதற்கு அது "தெரியவில்லை" என்று சொல்ல வேண்டும்.

பின்சேர்க்கை: பதிவில் இல்லாத கோப்பை ஏஜென்ட்டே பதிவேற்றலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம். பதிவேற்றிய கோப்பை மற்ற ஆய்வாளர்களும் இறக்கிப் பார்க்க முடியும். அதில் உங்கள் அலுவலக ஆவணம் இருந்தால்? பதிவேற்றத்தைத் தனிக் கருவியாக வைத்து, ஒவ்வொரு முறையும் மனிதர் ஒப்புதல் கேளுங்கள். இன்னொருவர் சுட்டிக்காட்டியது: ஹூயிஸ் பதிவு (டொமைனை யார் வாங்கினார் என்ற விவரம்), பயனர் கருத்துகள் போன்றவற்றில் தாக்குபவரே மாடலுக்கான கட்டளையை எழுதி வைக்கலாம். அந்தப் புலங்களை என் கருவியின் விடையிலிருந்து எடுத்துவிட்டேன்.